ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்த பொட்டி

எங்க ஊர் பஞ்சாயத்து போர்டு ஆபீசை ஒட்டி ஒரு சின்ன அறை. ரொம்ப நாளாக அதுக்கு ரேடியோ ரூம் என்றுதான் பேர். 1980களின் நடுவில் அதுக்குள்ள ஒரு டிவிப் பொட்டி வந்தது. அறை இருந்தது ஊர்த்தெருவில். சேரியிலிருந்து ஓடை தாண்டி, களம் தாண்டி, அங்கே போகணும். உள்ளே பாய் விரித்து ஊர்ப்பிள்ளைகள் உட்காருவார்கள். பெஞ்சில் பெரியவர்கள். நாங்கள் ஜன்னலுக்கு வெளியே. வெளியே நில் என்று எந்தப் பலகையும் எழுதித் தொங்கவில்லை. அப்படி எழுத வேண்டிய அவசியமும் இல்லை. மழை பெய்தால் நனைந்துகொண்டே பார்ப்போம். முன்னால் நிற்கிறவன் தலை அசைந்தால் படம் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராமாயணம் போடுவான். இந்தியில் ஒரு எழுத்து யாருக்கும் தெரியாது. ஆனாலும் பொட்டிக்கு மாலை போட்டு, சூடம் கொளுத்தி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். அன்றைக்கு மட்டும் ஜன்னல் கதவையும் சாத்திவிட்டார்கள். வெளிச்சம் பட்டு படம் தெரியலையாம். மற்ற நாள் தெரிந்த படம் ராமன் வந்ததும் தெரியாமல் போச்சு. திரும்பி வந்து ஆயாவிடம் சொன்னேன். களைக்கொத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த ஆயா நிமிராமல் கேட்டது:

"ஏண்டா, அந்தப் பொட்டி சர்க்காரு குடுத்ததா, இல்ல அவனுங்க பாட்டன் சம்பாரிச்சதா?"

"சர்க்காரு குடுத்தது ஆயா."

"அப்ப நம்ம பொட்டியுந்தானடா அது. நீ ஏன் வெளிய நின்னுட்டு வர்ற?"

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. பொதுப்பணத்தில் நடக்கும் தொலைக்காட்சிக்கு இனி எதிர்காலம் உண்டா என்று படித்தவர்கள் கவலைப்படுகிற இந்த நேரத்தில், ஆயா கேட்ட கேள்வியைத்தான் நான் மறுபடி எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. இருக்குமா, போகுமா என்று கேட்பதற்கு முன்னால், பொட்டி யாருடையது என்று கேட்டாக வேண்டும்.

2. ஒப்பாரி வைக்கிறவர்கள்

தூரதர்ஷனுக்கு இப்போது நிறையப் பேர் இரங்கல் எழுதுகிறார்கள். காரணம் இருக்கிறது. 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் பரிசோதனையாகத் தொடங்கி, 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைக்கு வந்த ஒளிபரப்பு, கம்பத்தில் கட்டிய ஆன்டெனாவுக்குத் தரைவழியாக வந்துகொண்டிருந்தது. 2022க்குள் அந்த அனலாக் தரைவழி ஒளிபரப்பை, முக்கியமான சில இடங்களைத் தவிர, அநேகமாக நாடு முழுவதும் நிறுத்திவிட்டார்கள். இனிமேல் கேபிள் வேண்டும், அல்லது டிஷ் வேண்டும், அல்லது இன்டர்நெட் வேண்டும். 2024 நவம்பரில் 'வேவ்ஸ்' என்று ஒரு செயலியையும் திறந்துவிட்டார்கள். பெட்டியில் இருந்தது கைபேசிக்குள் போய்விட்டது.

உலகத்திலும் இதே பேச்சுத்தான். பிரிட்டனில் வீட்டுக்கு வீடு உரிமக் கட்டணம் வசூலித்து நடக்கும் பிபிசியின் சாசனம் 2027 இறுதியோடு முடிகிறது. அதற்குப் பிறகு காசு எங்கிருந்து வரும் என்பது அங்கே பெரிய விவாதம். அமெரிக்காவில் 2025 ஜூலையில் பொது ஒளிபரப்புக்கு ஒதுக்கிய 110 கோடி டாலரை நாடாளுமன்றமே திரும்பப் பறித்துக்கொண்டது. அந்தப் பணத்தைப் பிரித்துக் கொடுத்துவந்த கழகம் அடுத்த மாதமே கடையைக் கட்டுவதாக அறிவித்தது. நம் ஊரில் உரிமக் கட்டணம் 1980களிலேயே எடுபட்டுப் போச்சு. அதுக்குப் பிறகு விளம்பரக் காசும் பட்ஜெட் காசும்தான். பிரசார் பாரதிக்கு ஆண்டுக்கு 2,000 கோடி ரூபாய்க்கு மேல் மத்திய அரசு கொடுக்கிறது. பெரும்பகுதி சம்பளத்துக்கே போகிறது. 'வரி கட்டுகிறவன் பணத்தை யாரும் பார்க்காத சேனலுக்குக் கொட்டுவதா' என்று ஆங்கிலப் பத்திரிகைகள் கேட்கின்றன.

வரி கட்டுகிறவன் யாரு? சோப்புக் கட்டியிலும் தீப்பெட்டியிலும் வரி கட்டாத ஒரு சேரி வீட்டைக் காட்டுங்கள் பார்ப்போம். வருமான வரி கட்டுகிறவன் மட்டும்தான் இந்த நாட்டுக்குப் படியளக்கிறவன் என்பது ஆண்டை மனசு.

இன்னொரு பக்கம் ஏங்குகிறவர்கள். அந்த இசை, அந்த வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமைப் படம், தெருவே ஒரு வீட்டில் கூடிய காலம் என்று உருகுகிறார்கள். தெருவே கூடியதாம். எந்தத் தெரு? யார் வீட்டுத் திண்ணை வரை யார் போனார்கள், யார் வாசலோடு நின்றார்கள்? அக்கிரகாரத்துச் சோபாவிலும் ஊர்த்தெருப் பாயிலும் உட்கார்ந்து பார்த்தவர்களின் நினைவைப் பொது நினைவு என்று நம்மிடம் விற்கிறார்கள். எங்கள் நினைவில் இருப்பது ஜன்னல் கம்பியின் துருவாசம். அதனால் ஒப்பாரிக்கு நம்மைக் கூப்பிட வேண்டாம். ஆனால் சாவு விழட்டும், பறையடிக்கலாம் என்று சும்மா இருக்கவும் முடியாது. ஏன் முடியாது என்பதுதான் இந்தக் கட்டுரை.

3. எந்த வயல், யார் வாழ்வு?

தொடக்கத்தில் இது ஏழைகளுக்கான பொட்டி என்றுதான் சொன்னார்கள். 1975 ஆகஸ்ட் முதல் ஒரு வருஷம், அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பு நடத்தினார்கள். 'சைட்' என்று அதற்குப் பெயர். விவசாயம், சுகாதாரம், பள்ளிப்பாடம். நல்ல நோக்கந்தான். ஆனால் கிராமத்துக்கு ஒரு பொட்டி என்றால் அது எங்கே வைக்கப்படும்? பள்ளிக்கூடத்திலோ பஞ்சாயத்துக் கட்டடத்திலோதான். அந்தக் கட்டடங்கள் எங்கே இருக்கின்றன? ஊர்த்தெருவில். இந்தியக் கிராமத்தில் பொது இடம் என்று ஒன்று இருப்பதாக நம்பியவர்கள்தான் இந்தத் திட்டங்களைப் போட்டார்கள். கிராமத்தைச் சாதியின் கசாப்புக்கடை என்று புரிந்துகொள்ளாமல், அன்பான சமுதாயம் என்று கனவு கண்ட அதே காந்திய மனசு.

இதில் ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் போனால் அது நேர்மையில்லை. குஜராத்தில் கேடா மாவட்டம், பிஜ் என்ற கிராமம். 1975இல் அங்கே ஒரு சின்ன ஒளிபரப்புக் கருவியை வைத்து, விண்வெளி ஆய்வு மையத்துக்காரர்கள் உள்ளூர் மக்களையே பேசவைத்து நிகழ்ச்சிகள் எடுத்தார்கள். கூலி, சாதிக்கொடுமை, நிலவுடைமை எல்லாம் அதில் வந்தன. வெளிநாட்டிலிருந்து பாராட்டும் வந்தது. கடைசியில் என்ன நடந்தது? 1985இல் பிஜ் ஒளிபரப்பை நிறுத்திவிட்டு அந்தக் கருவியைச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள், நகரத்துக்கு இரண்டாவது சேனல் வேண்டும் என்று. கிராமத்தான் வாயைப் பிடுங்கி மாநகரத்துக்குக் கொடுத்தது பொதுத் தொலைக்காட்சி. சென்னையில் ரெண்டு சேனல் பார்த்த வீடுகளுக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

நம்ம சென்னை நிலையத்துக்கு வருவோம். 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சியை எல்லோரும் கேலி செய்வார்கள். சலிப்பாக இருக்கிறது என்பது அவர்கள் புகார். எங்கள் புகார் வேறே. விதை எப்படி நேர்த்தி செய்வது, உரம் எத்தனை கிலோ, பம்புசெட் கடனுக்கு யாரைப் பார்ப்பது. இதெல்லாம் யாருக்கு? நிலம் இருக்கிறவனுக்கு. நடவு நட்டு, களை பறித்து, கதிர் அறுக்கிற எங்க ஆயாவுக்கு அந்த நிகழ்ச்சியில் சொல்ல ஒரு சேதியும் இல்லை. குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்று ஒரு நாள் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. வயல் அவர்களுடையது, வாழ்வும் அவர்களுடையது. சேற்றில் நின்ற கால் மட்டும் எங்களுடையது. கேமராவும் அந்தக் காலை அழகான நாற்று நடவுக் காட்சியாகத்தான் பிடித்தது. நிகழ்ச்சி யாரை விளித்துப் பேசுகிறது என்று கேட்டால் போதும், கருத்தியல் வெளியே வந்துவிடும்.

4. பிணமும் துடைப்பமும்

தூரதர்ஷன் நம்மைக் காட்டவே இல்லை என்று சொல்ல மாட்டேன். காட்டியது. எப்படிக் காட்டியது என்பதுதான் கேள்வி.

1981இல் தூரதர்ஷனுக்காக சத்யஜித் ரே எடுத்த படம் 'சத்கதி'. பிரேம்சந்த் கதை. துக்கி என்ற சமார், மகள் நிச்சயத்துக்கு நாள் குறிக்க ஐயரைக் கூப்பிடப் போகிறான். காய்ச்சல் உடம்போடு, பசியோடு, அவர் வீட்டு வேலையெல்லாம் செய்கிறான். பிளக்க முடியாத கட்டையைப் பிளந்து பிளந்து அங்கேயே சாகிறான். பிணத்தை எடுக்க ஆள் வரவில்லை. ஐயரே காலில் கயிறு கட்டி, கைபடாமல் இழுத்துக்கொண்டுபோய், மாட்டு எலும்புகள் கிடக்கிற இடத்தில் போட்டுவிட்டுத் தீட்டுக் கழிக்கிறார். அரசாங்கத் தொலைக்காட்சியில் இதைவிடக் கூர்மையாகப் பார்ப்பனியத்தைக் காட்டிய படம் எனக்குத் தெரிந்து குறைவு. ஆனால் துக்கி சாகிறவரை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசுவதில்லை. கோடாலியை ஓங்குகிறான், எல்லாம் கட்டை மேலேயே. பார்க்கிற சாதி இந்துவுக்கு அது எவ்வளவு வசதி! அவன் மனசு நெகிழலாம், இரக்கப்படலாம், தூங்கப் போகலாம். நம்ம பிள்ளைகள் அதைப் பார்த்தால் என்ன எடுத்துக்கொண்டு போவார்கள்?

1988இல் வந்த 'தமஸ்' அப்படித்தான். பிரிவினைக் கலவரத்தைப் பற்றிய பீஷ்ம சாஹ்னியின் நாவல், கோவிந்த் நிஹலானி எடுத்த தொடர். தொடருக்கு எதிராக வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் வரை போய், தள்ளுபடியாகி ஒளிபரப்பானது. கதை எங்கே தொடங்குகிறது? தோல் உரிக்கிற நத்துவிடம் பன்றி ஒன்றைக் கொன்று தரச் சொல்கிறார்கள். எதுக்கு என்று அவனுக்குத் தெரியாது. அந்தப் பன்றி மசூதிப் படியில் கிடக்கிறது, ஊர் பற்றி எரிகிறது. குற்றவுணர்ச்சியில் புழுங்குகிறவன் நத்து ஒருத்தன்தான். திட்டம் போட்டவனுக்கு அந்தப் புழுக்கம் இல்லை. கலவரத்தில் தலித்தைக் கருவியாக்குகிற தந்திரத்தைச் சரியாகப் பிடித்த படைப்பு அது. ஆனால் அங்கேயும் முடிவில் நத்து பிணம். துக்கியாகவும் நத்துவாகவும் நடித்தவர் ஒரே ஓம் புரி. பொதுத் தொலைக்காட்சியின் தலைசிறந்த படைப்புகளில் நமக்குக் கொடுத்த வேஷம் பிண வேஷம்.

இந்தப் பிணக்கணக்கில் சேராத ஒரு சம்பவம் உண்டு. அதைத் தூரதர்ஷன் எழுதவில்லை, எந்த இயக்குநரும் எடுக்கவில்லை. 1987 ஜனவரியில் தொடங்கிய ராமாயணம், ராமன் பட்டாபிஷேகத்தோடு 1988இல் முடிய இருந்தது. வட இந்தியத் துப்புரவுத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வால்மீகி சமூகத்தவர். கவி வால்மீகியைத் தங்கள் மூதாதை என்று சொல்கிறவர்கள். சீதைக்கு வால்மீகி அடைக்கலம் கொடுத்து, பிள்ளைகளை வளர்க்கிற உத்தர காண்டத்தையும் காட்டியாக வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். கேட்டதோடு விடவில்லை, ஜலந்தரில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது வட இந்தியாவின் பல நகரங்களுக்குப் பரவியது. தெருவில் குப்பை மலையானது. நோய் வந்துவிடும் என்று அரசாங்கம் பயந்தது. உத்தர ராமாயணம் எடுக்கப்பட்டது, ஒளிபரப்பானது.

பெரியார் மண்ணில் வளர்ந்த நமக்கு இது நெருடும். போயும் போயும் ராமாயணத்துக்காகவா? அதே உத்தர காண்டத்தில்தானே தவம் செய்த சம்பூகன் தலையை ராமன் வெட்டுகிறான்? தன் முன்னோன் தலை உருளும் காண்டத்தையே கேட்டு ஒருத்தன் வேலைநிறுத்தம் செய்வதா? இந்த நெருடல் நியாயமானது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இன்னொன்றையும் பார்க்கணும். அமைச்சரும் அதிகாரியும் விளம்பரக் கம்பெனியும் சேர்ந்து தீர்மானித்துவந்த ஒரு ஒளிபரப்பை, துடைப்பத்தைக் கீழே போட்ட கை ஒன்று மாற்றியிருக்கிறது. என்ன கேட்டார்கள் என்பதில் நமக்குச் சண்டை இருக்கலாம். கேட்க முடியும் என்று காட்டினார்களே, அதில் சண்டை இல்லை. எங்க ஆயா கேட்ட கேள்வியை அவர்கள் வேலைநிறுத்தமாகக் கேட்டார்கள். இது நம்ம பொட்டியுந்தானே என்று.

ஒரு தனியார் சேனலிடம் இப்படிக் கேட்க முடியுமா? 'பிடிக்கலைன்னா சேனலை மாத்து' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவான். பொதுவுடைமைக்கும் தனியார் சரக்குக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான்.

5. சட்டத்தில் இருக்கிற நம் பேர்

1977இல் நெருக்கடிநிலை முடிந்ததும் வர்கீஸ் குழு போட்டார்கள். ஆகாஷ் பாரதி என்று தன்னாட்சி அமைப்பு வேண்டும் என்று அது 1978இல் சொன்னது. அது நடக்கவில்லை. 1990 செப்டம்பரில் வி.பி. சிங் ஆட்சியில் பிரசார் பாரதி சட்டம் வந்தது. அதற்கு ஒரு மாசம் முன்னால், ஆகஸ்டில்தான் மண்டல் அறிவிப்பு. அதே வருஷந்தான் அண்ணல் அம்பேத்கருக்குப் பாரத ரத்னா. பௌத்தம் தழுவிய தலித்துகளுக்கு இடஒதுக்கீடு கிடைத்ததும் அதே வருஷந்தான். இந்தச் சூழலில் பிறந்த சட்டம் அது. அதனால்தானோ என்னவோ, அதன் 12ஆம் பிரிவு ஒளிபரப்புக் கழகத்தின் கடமைகளைப் பட்டியல் போடும்போது, சமூக நீதியை வளர்ப்பது, சுரண்டலையும் ஏற்றத்தாழ்வையும் தீண்டாமையையும் எதிர்ப்பது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. தொழிலாளர் உரிமை, பழங்குடிகள், சிறுபான்மையினர் எல்லாம் அதில் உண்டு. சட்டம் ஏழு வருஷம் கிடப்பில் கிடந்தது. 1997இல்தான் நடைமுறைக்கு வந்தது. நடுவில் 1995 பிப்ரவரியில் கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம், அலைவரிசை பொதுச்சொத்து, அரசாங்கமோ தனியாரோ ஏகபோகம் கொண்டாட முடியாது என்று தீர்ப்புச் சொன்னது.

பொதுச்சொத்து, தீண்டாமை ஒழிப்பு. ரெண்டும் காகிதத்தில் இருக்கு. சவதார் என்கிற ஊர்க்குளமும் காகிதத்தில் நமக்குத் திறந்துதான் கிடந்தது. 1927இல் பாபாசாகேப் ஆயிரக்கணக்கானவர்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் அள்ளிக் குடித்த பிறகுதான் அந்தக் காகிதத்துக்கு உயிர் வந்தது. அலைவரிசை என்கிற குளத்தில் நாம் இன்னும் கை நனைக்கவில்லை.

தனியாரில் நிலைமை என்ன? 2006இல் டெல்லியின் 37 இந்தி, ஆங்கில ஊடகங்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்த 315 பேரைக் கணக்கெடுத்தார்கள். ஒரு தலித் இல்லை, ஒரு பழங்குடி இல்லை. 2019இல் ஆக்ஸ்பாம் இந்தியாவும் நியூஸ்லாண்ட்ரியும் 121 தலைமைப் பொறுப்புகளைப் பார்த்தன. 106இல் உயர்சாதியினர். தலித், பழங்குடி மறுபடி பூஜ்யம். பதிமூன்று வருஷத்தில் சேனல்கள் நூற்றுக்கணக்கில் பெருகின, பூஜ்யம் பூஜ்யமாகவே நின்றது. தமிழ்நாட்டில் கட்சிக்கு ஒரு சேனல், சாமிக்கு ஒரு சேனல். இவற்றில் இடஒதுக்கீடு கேட்க எந்தச் சட்டமும் இல்லை. தூரதர்ஷனிலும் வானொலியிலும் நம்மவர்கள் பொறியாளராக, கேமராக்காரராக, நிகழ்ச்சி அலுவலராக நுழைந்தது அரசு வேலை இடஒதுக்கீட்டு வாசல் வழியாகத்தான். ஒப்பந்தம், அவுட்சோர்சிங் என்று அந்த வாசலை இப்போது கொஞ்சம் கொஞ்சமாகச் செங்கல் வைத்து அடைக்கிறார்கள். பொதுத் தொலைக்காட்சி செத்தால் சாகிறது ஒரு சேனல் மட்டுமில்லை, அந்த வாசலும்தான்.

என்ன காட்ட முடியும் என்பதற்கும் ஒரு சாட்சி சொல்கிறேன். 2014இல் மாநிலங்களவைத் தொலைக்காட்சியில் ஷியாம் பெனகலின் 'சம்விதான்' பத்துப் பகுதிகளாக வந்தது. அரசியல் சட்டம் உருவான கதை. அதில் பாபாசாகேப் பிணமில்லை, பரிதாபத்துக்குரியவரும் இல்லை. எழுந்து நின்று வாதாடுகிற, எதிராளியை மடக்குகிற மனிதர். துக்கியிலிருந்து அம்பேத்கருக்கு வர பொதுத் தொலைக்காட்சிக்கு முப்பத்து மூன்று வருஷம் ஆகியிருக்கிறது. விளம்பரக்காரன் காசில் இது வந்திருக்குமா? அந்தச் சேனலே இன்றைக்கு இல்லை. 2021இல் மக்களவைச் சேனலோடு கலந்து சன்சத் டிவி ஆக்கிவிட்டார்கள்.

6. காவியும் ஏலமும்

எதிர்காலம் நிச்சயமில்லை என்கிறார்கள். ஒரு பாதி நிச்சயமாகத்தான் தெரிகிறது. 2014 அக்டோபரில் ஆர்.எஸ்.எஸ். தலைவரின் விஜயதசமிப் பேச்சைத் தூரதர்ஷன் நேரடியாக ஒளிபரப்பியது. 2020 ஊரடங்கில், நடந்தே ஊர் திரும்பிய தொழிலாளர்கள் சாலையில் விழுந்து செத்த நாட்களில், பழைய ராமாயணத்தை எடுத்துப் போட்டு, ஒரே நாளில் 7.7 கோடிப் பேர் பார்த்தார்கள் என்று மார்தட்டியது. 2023இல் சங்பரிவாரச் சார்புள்ள ஹிந்துஸ்தான் சமாச்சாரோடு செய்திக்கு ஒப்பந்தம் போட்டது. 2024 ஏப்ரலில், தேர்தல் நேரத்தில், டிடி நியூஸ் சின்னம் சிவப்பிலிருந்து காவியானது. அதே வருஷம் ஜனவரியில் பொதிகை என்ற பேரை எடுத்துவிட்டு டிடி தமிழ் ஆக்கினார்கள். அக்டோபரில் அதன் இந்தி மாத விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்தில் 'திராவிட' வரி விடுபட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டார்கள்.

மறுபாதி, ஏலம். 2004இல் தொடங்கிய டிடி ஃப்ரீ டிஷ் மாசக் கட்டணம் இல்லாதது. ஒருமுறை பொட்டி வாங்கி மாட்டினால் போதும். 4 கோடிக்கு மேற்பட்ட வீடுகளில் இருப்பதாகக் கணக்கு. பெரும்பகுதி இந்தி மாநிலக் கிராமங்கள். கேபிளுக்குக் காசு கொடுக்க முடியாத கூலிக்காரர்களின் வீடுகள். அதாவது நம்ம சனம். இந்த வீடுகளுக்குள் போகிற இடத்தைத் தனியார் சேனல்களுக்குப் பிரசார் பாரதி ஏலம் விடுகிறது. ஒரு இடத்துக்குப் பல கோடி. அதில் ஆண்டுக்குப் பல நூறு கோடி வருமானம். யாரால் வாங்க முடியும்? படம் போடுகிற கம்பெனியும் பக்திச் சேனலும் செய்தி என்ற பேரில் கத்துகிற சேனலும் வாங்கலாம். நாக்பூரிலிருந்து வருகிற மாதிரியான ஒரு பௌத்தச் சேனலோ, ஒரு பழங்குடி மொழிச் சேனலோ அந்த ஏலத்தில் நின்று ஜெயிக்குமா? ஏழை வீட்டுக் கூரையில் சர்க்காரே டிஷ் மாட்டுகிறது. 2023 ஜனவரியில் ஒப்புதலான 2,539 கோடி ரூபாய்த் திட்டத்தில் பழங்குடிப் பகுதிகள், தொலைதூரப் பகுதிகளுக்கு 8 லட்சம் இலவசப் பொட்டிகள் உண்டு. பொட்டி இலவசம். அதுக்குள்ளே பேசும் உரிமை ஏலம். பொட்டியைக் கொடுத்துவிட்டு ஜன்னலைச் சாத்துகிற பழைய வித்தைதான் இது.

தனியார் சேனல்களும் தினம் 30 நிமிஷம் பொதுநல நிகழ்ச்சி போடணும் என்று 2022இல் விதி வந்தது. நலிந்த பிரிவினர் நலன் அதில் ஒரு தலைப்பு. எந்தச் சேனல் எந்த நேரத்தில் நம்ம நலனைப் பேசியது என்று வாசகர்கள் யாராவது பார்த்திருந்தால் எழுதுங்கள்.

7. பாத்யதை

'நமக்கெதுக்குய்யா தூரதர்ஷன், யூடியூப் இருக்கு' என்று இளைய தோழர்கள் சொல்கிறார்கள். தலித் கேமராவும் நீலமும் செய்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. எந்தச் சேனலும் போகாத ஊருக்கு அவர்கள் போனார்கள். ஆனால் அந்த மேடை ஒரு அமெரிக்கக் கம்பெனியின் நிலம். அங்கே நாம் குடிவாரம். என்றைக்குக் காலி பண்ணச் சொன்னாலும் பண்ணணும். யாரிடம் போய் எந்தச் சட்டப் பிரிவைக் காட்டுவது? சொந்தக் குரலும் வேண்டும், பொதுச்சொத்தில் பங்கும் வேண்டும். தனிக்கிணறு வெட்டிக்கொண்டதால் ஊர்க்கிணற்றை விட்டுக்கொடுக்கலாமா?

தன்னாட்சி, தன்னாட்சி என்று ஜனநாயகவாதிகள் நாற்பது வருஷமாகப் பேசுகிறார்கள். அரசாங்கத்திடமிருந்து விடுதலை வேண்டும் என்பது சரிதான். சாதியிடமிருந்து விடுதலை? பிரசார் பாரதி நிர்வாகக் குழுவைப் பரிந்துரைப்பது மூன்று பேர்: மாநிலங்களவைத் தலைவர், பத்திரிகைக் கவுன்சில் தலைவர், குடியரசுத் தலைவர் நியமிக்கும் ஒருவர். அந்தக் குழுவில் ஒரு தலித்தோ பழங்குடியோ இருந்தாக வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி இல்லை. அரசாங்கம் கையை எடுத்தால் அந்த நாற்காலியில் யார் உட்காருவார்கள் என்று நமக்குத் தெரியும். 37 ஊடகங்களின் கணக்கு அதைத்தான் சொல்கிறது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை வேறே. நிர்வாகக் குழுவில் தலித், பழங்குடிப் பிரதிநிதித்துவம் சட்டமாகணும். ஃப்ரீ டிஷ்ஷில் சில இடங்களை ஏலத்துக்கு வெளியே எடுத்து ஒடுக்கப்பட்டோர் சேனல்களுக்குக் கொடுக்கணும். காலிப் பணியிடங்களை ஒப்பந்தமாக்காமல் இடஒதுக்கீட்டோடு நிரப்பணும். 12ஆம் பிரிவில் எழுதியிருக்கிற தீண்டாமை எதிர்ப்புக்கு ஒரு வருஷத்தில் எத்தனை மணிநேரம் ஒளிபரப்பினாய் என்று கணக்குக் கேட்கணும். கணக்குக் கேட்க மனு போதும், தகவல் உரிமைச் சட்டம் 2005லிருந்து இருக்கிறது. மாணவத் தோழர்கள் இதை ஒரு வேலையாக எடுத்துக்கொள்ளலாம். இவை பெரிய புரட்சிக் கோரிக்கைகள் இல்லை. ஆனால் இவற்றைக் கேட்காமல் பொதுத் தொலைக்காட்சியைக் காப்பாற்று என்று ஊர்வலம் போவது, நம்மை வெளியே நிறுத்திய அறைக்கு நாமே வெள்ளையடித்துக் கொடுக்கிற வேலை.

எங்க ஊர் ரேடியோ ரூம் இப்போது கூரை போய், சுவர் மட்டும் நிற்கிறது. சேரியில் வீட்டுக்கு வீடு டிவி வந்துவிட்டது. 2006க்குப் பிறகு மாநில அரசு கொடுத்த இலவச கலர் டிவி முதலில் வந்தது, அப்புறம் தவணையில் வாங்கியது. யாரும் ஓடை தாண்டிப் போவதில்லை. அவரவர் வீட்டில் அவரவர் உட்கார்ந்து, அவர்கள் கதையைப் பார்க்கிறோம். ஆயா போய்ச் சேர்ந்து பல வருஷமாச்சு. கடைசிக் காலத்தில் அதுக்கும் ஒரு பொட்டி இருந்தது. கண் சரியாகத் தெரியாது, சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டு படுத்திருக்கும். ஒருநாள், "நம்ம ஆளுங்க பேசற சத்தமே வர மாட்டேங்குதேடா இதுல" என்றது. ஜன்னலுக்கு வெளியே நின்ற காலம் முடிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆயா அப்படி நினைக்கவில்லை.